மாமா முறுக்கிய போல்ட்

கோடு விலகியிருந்துச்சு.

ஹேண்டில் பாரைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப்ல நாலு போல்ட். காலையில வீட்டுல வெச்சு நாலையும் நான்தான் இறுக்கினேன். இறுக்கி முடிச்சதும் ஒவ்வொரு போல்ட் தலையிலயும் ஆரம்பிச்சு கிளாம்ப் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். போல்ட் அசையலைன்னா அது ஒரே கோடா நிக்கும். முன்னால ரெண்டும் அப்படியே இருந்துச்சு. பின்னால ரெண்டு கோடும் ஒடஞ்சு, பாதி இங்க, பாதி அங்கன்னு நின்னுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். கிளாம்ப்புக்குப் பின்பக்கம் ஒரு நூல் அளவுக்குச் சந்து இருக்கணும். சந்தைக் காணோம். ஒட்ட மூடிக் கிடந்துச்சு.

ரெஞ்சைத் தேடி டூல்ஸ் பெட்டியை அவசர அவசரமாக் கிளறினேன்.

ஓமலூருக்குப் பக்கத்துல தண்ணி வத்தின ஏரி அது. நடுவுல மண்ணைக் குவிச்சு, மேடும் பள்ளமுமா ரேஸ் பாதை போட்டிருந்தாங்க. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குன்னு தனியா ஒரு ரேஸ். ஏரி முழுக்கப் புழுதியும், ஆயில் கலந்த பெட்ரோல் புகையும். மைக்கைப் பிடிச்சிருந்த ஆள், “டூ ஸ்ட்ரோக் வண்டியெல்லாம் ஸ்டார்ட்டிங் கோட்டுக்கு வாங்க, இன்னுங் கொஞ்ச நேரந்தான்”னு விடாம கத்திக்கிட்டிருந்தார்.

எங்க வீட்டுக்காரர் தங்கராசு அம்பது வயசைத் தாண்டினவர். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, கல்யாண மாப்பிள்ளை கணக்கா அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டிருந்தார். வண்டிக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல மாமா. என் மாமனார். வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, மூஞ்சியில ஒரு திருப்தி. அவர் காலடியில என்னோட ரிங் ஸ்பேனர் கிடந்துச்சு.

நெயில் பாலிஷ் போடாத நர்ஸ்

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி ரெண்டு மூணு விஷயம் சொல்லிடறேன். இல்லேன்னா அந்தக் கோடு விலகினதுக்கு நான் ஏன் அப்படிப் பதறினேன்னு புரியாது.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சேலத்துல ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில பாதி ஆயுசு போச்சு. தியேட்டர்ல நிக்கிறவ நகத்துல எதுவும் பூசக் கூடாது. ஆனா ஃபேன்ஸி ஸ்டோர்ல வருஷம் தவறாம நெயில் பாலிஷ் வாங்கறவளும் நான்தான். எல்லாம் போல்ட்டுல அந்தச் சிவப்புக் கோடு போடத்தான். “அக்கா, இந்தக் கலர் உங்க கைக்கு எடுக்குங்க”ம்பா அந்தக் கடைப் பொண்ணு. “கைக்கு இல்ல கண்ணு, வண்டிக்கு”ன்னா ஒரு மாதிரியா பார்ப்பா. மரை கழண்ட கேஸுன்னு நினைச்சிருப்பா, பாவம்.

ஒடஞ்ச எலும்புல தகடு வெச்சு ஸ்க்ரூ போடறதைப் பல தடவை பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். எங்க பெரிய டாக்டர் புதுசா வர்ற டாக்டர்களைத் திட்டறது எப்பவும் ஒரே விஷயத்துக்குத்தான். “கடைசியில முழங்கையால தள்ளாதப்பா. ரெண்டு வெரலு போதும்”பார். வயசான எலும்புல நல்லாப் பிடிச்ச ஸ்க்ரூவை, ஆசைக்கு இன்னொரு சுத்து சுத்தினா உள்ளே அதைக் கடிச்சுப் பிடிக்கிற மரை அழிஞ்சுரும். அப்புறம் அது சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பார்க்கிறதுக்கு இறுகின மாதிரியே இருக்கும், ஆனா பிடிப்பு இருக்காது.

அலுமினியமும் அதே குணந்தான். எங்க வண்டியில போல்ட்டு இரும்பு, அது இறங்கற இடம் அலுமினியம். இந்த இன்ஜின் ஓடறப்ப ஏறி உக்காந்தா பல்லே ஆடும். லூசா இருந்தா அந்த ஆட்டத்துல போல்ட்டு தானா கழண்டுக்கும். அதிகமா இறுக்கினா மரை போயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்குது. அதுக்குத்தான் டார்க் ரெஞ்ச். அளவு வெச்சு இறுக்கினா, அந்த இறுக்கம் வந்ததும் ‘டிக்’குனு சொல்லும். டிக் கேட்டா கையை எடுத்துரணும்.

எங்க வீட்டுக்காரரை நான் ஸ்பேனரைத் தொட விடறதில்லை. இவர் கை லாரி நட்டு முறுக்கிப் பழகின கை. வண்டி வந்த புதுசுல இன்ஜின் தலையை மாட்டறேன்னு போய் ஒரு போல்ட்டை முறிச்சு வெச்சார். பாதித் துண்டு உள்ளேயே மாட்டிக்கிச்சு. அன்னைக்கே சொல்லிட்டேன். “ஓட்டறது நீங்க, முறுக்கறது நானு. நடுவுல கை வெச்சீங்க, சோறு கெடையாது.” மனுஷன் பேசாம ஒத்துக்கிட்டார். சோத்து மேல அம்புட்டு ஆசை.

ஏற்காட்டுக் கோழிக் கூண்டு

வண்டி வந்த கதையையும் சொல்லணும். ஏற்காட்டுல ஒரு காபித் தோட்டத்து ஷெட்டுக்குள்ள சட்டமும் சக்கரமுமா தனித்தனியா கிடந்துச்சு. டாங்கிக்கு அடியில ஒரு கோழி அடை காத்துக்கிட்டிருந்துச்சு. எந்தக் காலத்துலயோ அந்த எஸ்டேட்டுப் பையன் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த மோட்டோகிராஸ் வண்டி. லைட்டு கிடையாது, சாவி கிடையாது, உதைச்சுக் கிளப்பறதுதான். பேர் சொன்னா வண்டிப் பைத்தியங்க எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, அதனால சொல்லலை.

இவர் அதைக் குட்டி யானை வேன்ல ஏத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தன்னைக்கு நான் பேசவே இல்லை. வயசுக்கு வந்த பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு, ஒரு ஆம்பளை கோழிப் பீ ஒட்டின இரும்பைத் தூக்கிட்டு வந்தா கோபம் வராதா? அப்புறம் ஒரு நாள் சும்மா குனிஞ்சு பார்த்தேன். தகடு, ஸ்க்ரூ, மூட்டு. எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரமாத்தான் இருந்துச்சு. அவ்வளவுதான், நானும் மாட்டிக்கிட்டேன்.

சந்து தெரிஞ்சா லூசு

இப்ப மாமா.

எங்க ஊர்ப் பக்கம் லாரிக்காரச் செல்லப்பன்னா தெரியாதவங்க கிடையாது. திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல எங்க தோட்டம். தோட்டத்து வாசல்ல எப்பவும் ரெண்டு லாரி நிக்கும். மாமா வாலிபத்துல ஒரு தடவை ஜவ்வரிசி மூட்டை ஏத்திக்கிட்டுத் தொப்பூர் இறக்கத்துல இறங்கியிருக்கார். திடீர்னு பக்கவாட்டுல ஒரு சக்கரம் உருண்டுக்கிட்டே முன்னால போச்சாம். எவன் சக்கரம்டா இதுன்னு பார்த்தா அவரோடதுதான். கிளீனர் முறுக்கின நட்டை மாமா பார்க்காம வண்டியை எடுத்துட்டார். மலைப் பக்கம் சாய்ச்சு நிறுத்தித் தப்பிச்சார். உசுரு மிச்சம்.

அன்னையில இருந்து ஒரு வழக்கம். எங்க வாசலை விட்டு எந்த வண்டி கிளம்பினாலும் மாமா ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வருவார். ஒவ்வொரு நட்டுலயும் ஒரு இழு இழுப்பார். லாரின்னு இல்லை, என் பொண்ணோட ஸ்கூட்டிக்கும் அதே மரியாதைதான். இழுத்து முடிச்சுட்டு, “போயிட்டு வா சாமி, ஒண்ணும் ஆவாது”ம்பார். அது அவர் போடற திருநீறு மாதிரி. வேண்டாம்னு சொல்ல எங்க வீட்டுல யாருக்கும் வாய் வராது.

அதனால எங்களுக்குள்ள இன்னொரு வழக்கம் வந்துருச்சு. மாமா இழுப்பார், நாங்க சிரிச்ச மூஞ்சியோட நிப்போம். அவர் உள்ளே போனதும் டிரைவருங்க நட்டை லேசாக் கழட்டி, மறுபடி சரியா வெப்பாங்க. என் பொண்ணு தெருமுனையில ஸ்கூட்டியை நிறுத்தி மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுவா. இந்தப் பழைய வண்டியில மாமா இழுத்ததையெல்லாம் நான் கழட்டி, ரெஞ்ச் போட்டு, டிக் கேட்டு, மறுபடி கோடு போடுவேன். எல்லாருக்கும் தெரியும். மாமா ஒருத்தருக்குத்தான் தெரியாது. மரியாதைன்னு நினைச்சுத்தான் பண்ணினோம்.

அன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான் ஆச்சு. அவர் இழுத்தார், நான் சரி பண்ணினேன், கோடு போட்டேன். “நானும் வாரேன், பையன் ஓட்டறத ஒருக்காப் பாக்கோணும்”னு, நாங்க போன வேன்ல அவரும் ஏறிக்கிட்டார். ஏரிக்கு வந்ததும் பாதை எப்படி இருக்குதுன்னு பார்க்க நானும் இவரும் நடந்து போனோம். வண்டிக்குக் காவலா மாமா, பக்கத்துல திறந்து கிடந்த டூல்ஸ் பெட்டி. வீட்டுல அவர் கண்ணுல படாத அந்தச் சந்து, சும்மா உக்காந்திருந்தப்ப பட்டிருக்கு.

லாரியில பட்டை ஸ்பிரிங்கை அச்சோட சேர்த்துக் கட்டற போல்ட்டுல சந்து தெரிஞ்சா அது லூசுன்னு அர்த்தம். மூடற வரைக்கும் முறுக்கணும், பத்தலைன்னா ஸ்பேனருக்குப் பைப்பைப் போட்டு முறுக்கணும். மாமாவுக்கு ஆயுசு பூரா சோறு போட்ட பாடம் அது. இந்த கிளாம்ப்புல முன்னால மூடணும், பின்னால சந்து விடணும். செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருக்கான். அது மாமாவுக்கு எப்படித் தெரியும்?

டிக் வரவே இல்லை

நான் ரெஞ்சை எடுத்து அளவு வெச்சு, பின்னால இடது பக்கத்துப் போல்ட்டுல போட்டேன். மெதுவா இழுத்தேன். வந்துச்சு. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்துச்சு. கையில ஒரு பாரமே தெரியலை. வலது பக்கமும் அதே கதை. கொழகொழன்னு சுத்துது.

“ஏனுங்க, இங்க வாங்க”ன்னேன்.

இவர் ஹெல்மெட்டோட வந்தார். “என்ன சரசு? கூப்புடறாங்க பாரு.”

“பின்னால ரெண்டு மரையும் போச்சுங்க. வண்டியை எடுக்கக் கூடாது.”

“முன்னால ரெண்டு?”

“அது நிக்குது.”

“அப்பறம் என்ன? ரெண்டு நிக்குதில்ல. அஞ்சு ரவுண்டுதான புள்ள, ஓட்டிப் போடலாம்.”

ஆத்திரமா வந்துச்சு. “அஞ்சு ரவுண்டுல அந்த மேடு எத்தனை தடவை வருது? மேல ஏறிப் பறந்து கீழே விழறப்ப உங்க பாரம் பூரா இந்த பார் மேலதான் இறங்கும். அது கைக்குள்ள மடிஞ்சா வண்டி எங்க போகும், நீங்க எங்க போவீங்க? நான் எத்தனை பேரை ஸ்ட்ரெச்சர்ல இருந்து இறக்கியிருக்கேன் தெரியுமுங்களா? அதுல உங்களையும் ஒருத்தரா இறக்கச் சொல்றீங்களா?”

“இன்னைக்குப் போயி அபசகுனமாப் பேசாத.” இவர் வண்டியில ஏறி உக்காந்துட்டார். ஹேண்டில் பாரை ரெண்டு கையிலயும் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளினார். அசையலை. இன்னொரு தள்ளு. அசையலை. “பாத்தியா?”ன்னு பல்லைக் காட்டினார்.

எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு. சும்மா பயந்து சாகறமோன்னு தோணுச்சு. மைக்குல மறுபடி, “கடைசியாக் கூப்புடறமுங்க”ன்னு சத்தம். மத்த வண்டியெல்லாம் கிளம்பி, ஏரிக்கரை முழுக்க டர்ர்ர்ருனு அதிருது.

அப்பத்தான் மாமா சேர்ல இருந்து எந்திரிச்சு வந்தார். “என்னம்மிணி, என்ன தகராறு?”

“ஒண்ணுமில்லீங்கப்பா, போல்ட்டு லூசுங்கறா.”

மாமா சிரிச்சார். “அட, நாந்தான் இழுத்து உட்டேன். சந்து கெடந்துச்சு. மூடற வரைக்கும் நல்லா முறுக்கி வெச்சிருக்கறேன். லூசாவாமா? நீ போ சாமி, ஒண்ணும் ஆவாது.”

அவ்வளவுதான். அப்பா சொல்லிட்டார்னதும் இவருக்கு மூஞ்சியே மாறிருச்சு. வண்டியை உதைச்சுக் கிளப்பக் காலைத் தூக்கிட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு நான் அந்த வீட்டுக்கு வந்து. மாமா முன்னால குரலை உசத்தினது கிடையாது. கோபம் வந்தா சமையக்கட்டுல பாத்திரத்தோட பேசறவ நான். அன்னைக்கு இவர் காலைப் பிடிச்சு இழுத்துட்டு, மாமா பக்கம் திரும்பினேன்.

“நீங்க இழுத்ததாலதான் மாமா போச்சு! உள்ள மரை பூராப் போச்சு. இது லாரி இல்லீங்க மாமா. அந்தச் சந்து இருக்கோணும். நீங்க மூடிட்டீங்க. இப்ப இவரு ஏறிப் போனா முழுசாத் திரும்பி வர மாட்டாரு!”

கத்திட்டேன். பக்கத்து வண்டிக்காரங்கெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. இவர் “சரசு!”ன்னு அதட்டினார்.

மாமா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். துண்டைச் சேர் மேல போட்டார். “எறங்குடா”ன்னார் மகனைப் பார்த்து.

“அப்பா, இவ என்னமோ...”

“எறங்கு.”

இவர் இறங்கினார். மாமா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு கைப்பிடியையும் பிடிச்சார். சக்கர நட்டுக்கு ஸ்பேனர் மேல எப்படி ஏறி நிப்பாரோ அப்படி, மொத்தப் பாரத்தையும் கைக்குக் கொண்டாந்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

‘கர்க்’னு ஒரு சத்தம். ஹேண்டில் பார் அப்படியே பின்னால மடிஞ்சு டாங்கி மேல விழுந்துச்சு. அதோடவே மாமாவும் நெஞ்சு டாங்கியில படற மாதிரி சாஞ்சார். பின்பக்கத்துப் போல்ட்டு ஒண்ணு பிடுங்கிக்கிட்டு வந்து மண்ணுல விழுந்துச்சு. அதோட மரையில அலுமினியம் சுருள் சுருளாச் சுத்திக்கிட்டு மின்னுச்சு.

அங்க ஸ்டார்ட்டிங் கோட்டுல கொடி இறங்கிருச்சு. வண்டிங்க எல்லாம் ஒண்ணாப் பாய்ஞ்சுது. எங்க மேல புழுதி வந்து விழுந்துச்சு.

மாமா கேட்ட கேள்வி

இவர் ஹெல்மெட்டைக் கழட்டினார்.  அந்த மேட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். ஒவ்வொரு வண்டியா பறந்து, தொம்முனு இறங்கிச்சு. ஒவ்வொண்ணு இறங்கறப்பவும் இவருக்குத் தோள் ஒரு தடவை குலுங்குச்சு. இவர் பயந்து நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

மாமா மெதுவா நிமிர்ந்து, கீழே விழுந்த போல்ட்டை எடுத்தார். சுருளை நகத்தால நீவிப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரும்போட பழகினவர்.

“ஏம்மிணி”ன்னார். “ஊட்டுலயும் இதே போல்ட்டத்தான காத்தால இழுத்தேன். அப்ப ஏன் போவலை?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கலை. இவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், சொல்லாதேன்னு. சொல்லாம எப்படி? இனிமே எதை மறைச்சு என்ன ஆகப் போகுது?

“காத்தால நீங்க அரைச் சுத்துதான் இழுத்தீங்க மாமா. நீங்க போனதும் நான் கழட்டிச் சரி பண்ணிட்டேன்.”

“எப்பவுமா?”

“ஆமாங்க மாமா.”

“லாரியிலயும்?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் மண்ணைப் பார்த்தார். அதுலயே மாமாவுக்குப் பதில் கிடைச்சிருச்சு.

சேர்ல போய் உக்காந்தார்.  ஒரு ரவுண்டு முடிஞ்சு வண்டிங்க மறுபடி எங்களைக் கடந்து போச்சு. அப்புறம் சொன்னார், என்கிட்டயும் இல்லை, இவர்கிட்டயும் இல்லை, பொதுவாச் சொன்னார். “அத்தன வண்டியும் பத்தரமா ஊடு வந்து சேந்ததுக்கு நாந்தான் காரணம்னு நெனச்சுட்டிருந்தேன்.”

என் கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை.  யாராச்சும் ஒருத்தர் முன்னாடியே, “வேண்டாமுங்க மாமா, தொடாதீங்க”ன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் அன்னைக்கே சரின்னிருப்பார். அது எங்க யாருக்கும் தோணலை.

இவர் அவர் முன்னால போய், மண்ணுலயே குத்தவெச்சு உக்காந்தார். பூட்ஸ் போட்ட காலோட உக்கார முடியாம உக்காந்தார். “அப்பா”ன்னார். “நான் ரெண்டு தள்ளு தள்ளிப் பாத்தனுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. இவ சொல்லியும் கேக்கலை. ஏறிப் போயிருப்பேன். நீங்க எறக்கி உட்டுச் சாஞ்சதாலதானுங்க நான் இங்க உக்காந்திருக்கறேன். இன்னைக்குக் காரணம் நீங்கதானுங்கப்பா.”

“சும்மா சொல்லாதடா”ன்னார் மாமா.

“நெசமாலுமுங்கப்பா.”

மாமா மகன் சொன்னதை எடுத்துக்கலை. என் பக்கம் திரும்பினார். கையில அந்தப் போல்ட் இன்னும் இருந்துச்சு.

“நெசமா அம்மிணி?”

“நெசந்தானுங்க மாமா”ன்னேன்.

இத்தனை வருஷமும் சிரிச்சுக்கிட்டு நின்ன மூஞ்சிதானே இதுங்கற மாதிரி, அவர் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தார்.